பிராங்கோனியப் பீர் ஆலைக்கு ஒரு புதிய கோதிக் எழுத்துரு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், நியூரம்பெர்க் நகரை ஒட்டிய பிராங்கோனியா வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் இயங்கும் குடும்பப் பீர் ஆலைதான் இந்நிகழ்வின் களம். ஆலையின் பொறுப்பு தந்தையிடமிருந்து மகளுக்கு வந்தபோது, புட்டிச் சீட்டு, ஆலையோடு இணைந்த உணவகத்தின் விலைப்பட்டியல், இணையதளம், கட்டட முகப்பு ஆகிய நான்கிலும் ஒன்றோடொன்று பொருந்தாத எழுத்துகள் இருப்பதை அவர் கண்டார். ஆலைக்கென்று ஒரே தலைப்பு எழுத்துருவை வரைந்து தருமாறு, இருவர் நடத்தும் சிறிய எழுத்துரு வடிவமைப்பகம் ஒன்றை அணுகினார். இருவரில் ஒருவர் தட்டை நுனிப் பேனாவில் பல ஆண்டுப் பயிற்சி உள்ள வடிவமைப்பாளர். மற்றவர் எழுத்துருவின் நிரல் பகுதியைக் கவனிப்பவர். அந்த நிரலைச் சரிபார்க்க வெளியிலிருந்து சேர்க்கப்பட்டவன் என்ற முறையில் வரைவுகளும் கூட்டக் குறிப்புகளும் என் பார்வைக்கு வந்தன. ஆலை, ஊர், ஆட்கள் ஆகியோரின் பெயர்கள் அவர்கள் விருப்பப்படி இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

மகள் கேட்டவை இரண்டு: பார்த்தவுடன் ஆலையின் பழமை தெரிய வேண்டும், ஜெர்மன் அறியாத பயணியும் பீரின் பெயரைத் தடுமாறாமல் படிக்க வேண்டும். தந்தை விதித்த நிபந்தனை ஒன்றுதான். எழுத்து எப்படி மாறினாலும் அது கோதிக்காகவே இருக்க வேண்டும் என்றார் அவர்.

கோதிக் என்றும் பிளாக்லெட்டர் என்றும் பொதுவாகச் சொல்லப்படுவது ஒற்றை எழுத்துமுறை அன்று. வளைவுகளைப் பேனாவால் முறித்து முறித்து எழுதும் வழக்கத்தில் வளர்ந்த ஒரு குடும்பம். 1964-இல் வெளிவந்த டின் 16518 என்ற ஜெர்மன் தரநிலை, இதை டெக்ஸ்டுரா, ரொடுண்டா, ஷ்வாபாகர், ஃபிராக்டுர் என்ற நான்கு கிளைகளாகவும், ஃபிராக்டுரின் மாறுபாடுகளுக்கான ஐந்தாவது பிரிவாகவும் வகுத்தது. எந்தக் கிளை என்று அறிய, சிற்றெழுத்து 'ஓ' ஒன்றைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். இரு பக்கமும் முறிந்து நேர்கோடுகளாக நின்றால் டெக்ஸ்டுரா. குட்டன்பெர்கின் 42 வரி விவிலியம் இவ்வகையில் அச்சானது. ஏறத்தாழ முழு வட்டமாக இருந்தால் ரொடுண்டா. இரு பக்கமும் வளைந்து மேலும் கீழும் கூர்மையாகச் சந்தித்தால் ஷ்வாபாகர். இடப்பக்கம் முறிந்து வலப்பக்கம் வளைந்திருந்தால் ஃபிராக்டுர். இந்தக் கடைசி வகை, பேரரசர் முதலாம் மாக்சிமிலியனுக்காக 1513-இல் ஆக்ஸ்பர்கில் அச்சான வழிபாட்டு நூலிலும், 1517-இல் நியூரம்பெர்கில் வெளிவந்த தாய்யர்டாங்க் என்ற நூலிலும் உருப்பெற்று, பின்னர் ஜெர்மன் அச்சுலகை நூற்றாண்டுக்கணக்கில் ஆண்டது.

தொடக்கத்தில் கண்டவை

ஆலையின் பழைய சீட்டில் இருந்தது ஃபெட்டே ஃபிராக்டுர். இடைக்காலத் துறவியர் மடத்து எழுத்து என்று பலரும் நம்பும் இந்தத் தடித்த எழுத்துரு, உண்மையில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளம்பரங்களுக்காக வார்க்கப்பட்டது. பீர்ச் சீட்டுகளிலும் உணவகப் பலகைகளிலும் இது படிந்துவிட்டதால், பழமை என்றால் இதுதான் என்ற எண்ணம் உள்ளூர்க்காரர்களிடமே வேரூன்றியிருந்தது.

வரையத் தொடங்குவதற்கு முன், பழைய சீட்டையும் விலைப்பட்டியலையும் உணவக விருந்தினர்களிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி வடிவமைப்பாளர் குறிப்பெடுத்தார். முறையான ஆய்வு என்று இதைச் சொல்ல முடியாது என்றாலும், தடுமாற்றங்கள் எங்கும் பரவலாக இல்லாமல் சில எழுத்துகளிலேயே குவிந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. ஃபிராக்டுரின் 'கே' பலருக்கு 'டி' ஆகத் தெரிந்தது. 'எக்ஸ்' எழுத்தை 'ஆர்' என்று படித்தார்கள். பேரெழுத்து 'ஏ' அவர்களுக்கு 'யூ' ஆயிற்று. பேரெழுத்துகளான 'பி'யும் 'வி'யும் ஒன்றுக்கொன்று இடம் மாறின. சொல்லின் நடுவில் வரும் நீள 'எஸ்', குறுக்குக்கோடு முழுமையடையாத 'எஃப்' போலவே இருப்பதால், வெளிநாட்டார் அனைவரும் அதை 'எஃப்' என்றே உச்சரித்தனர். உள்ளூர் இளையோரிலும் சிலர் அவ்வாறே படித்தார்கள். விலைப்பட்டியலில் உணவுகளின் பெயர்கள் முழுவதும் பேரெழுத்துகளில் கோக்கப்பட்டிருந்தன. கோதிக் பேரெழுத்துகள் ஒரு சொல்லின் முதலில் தனித்து நிற்பதற்காக உருவானவை. அவற்றை வரிசையாக நிறுத்தினால் வளைகோடுகளின் சிக்கல் மட்டுமே மிஞ்சும். அந்தப் பட்டியலை உள்ளூர் முதியவர்கள்கூடப் படிக்கவில்லை, மனப்பாடமாகவே சொன்னார்கள்.

தடுமாறியவர்களுமே, சற்றுத் தள்ளி வைத்துக் காட்டியபோது, அந்தச் சீட்டைப் 'பழைய ஜெர்மன் பீர்' என்று உடனே அடையாளம் கண்டார்கள். எந்த எழுத்தையும் படிக்க இயலாத தொலைவிலும் அந்த அடையாளம் நின்றது. ஆக, கோதிக் தோற்றத்தைத் தருவது நெருக்கமாகவும் சீரான தாளத்துடனும் நிற்கும் கருந்தண்டுகளின் பரப்பு. படிப்பைத் தடுப்பவை பழக்கம் அற்றுப்போன ஒருசில எழுத்துருவங்கள். முதலாவதைக் காத்து இரண்டாவதை மாற்றலாம் என்பதே குழு எடுத்த முதல் நிலைப்பாடு. பின்னர் நடந்த எதிலும் அந்த நிலைப்பாடு பொய்க்கவில்லை. அதை நிறைவேற்றிய விதம்தான் மாற வேண்டியதாயிற்று.

முதல் வரைவு

ஏற்கெனவே உள்ள நவீன கோதிக் எழுத்துருக்களைக் குழு முதலில் அலசியது. முறிந்த கோடுகளின் தாளத்தை வாசிப்பு எழுத்துக்கும் கொண்டுவந்த, அண்டர்வேர் குழுவின் ஃபகீர் (2006). ரோமன் எழுத்தோடு, அதாவது இன்று ஆங்கிலத்தில் வழக்கமாக அச்சாகும் எழுத்தோடு, இணையாக ஒரு ஃபிராக்டுரையும் சேர்த்து வந்த எஸ்கபாடே (2012). இரு மரபுகளையும் கலந்து இலவசமாகக் கிடைக்கும் கிரென்சே கோட்டிஷ் ஆகியவை மேசைக்கு வந்தன. இவற்றில் ஒன்றை உரிமம் பெற்றுப் பயன்படுத்தியிருந்தாலே வேலையின் பெரும்பகுதி முடிந்திருக்கும் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஆனால் ஆலையின் பெயரில் 'கே', நீள 'எஸ்', 'சிஎச்' என்ற கூட்டெழுத்து ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்ததாலும், வேறெவரும் பயன்படுத்தாத எழுத்து வேண்டும் என்று மகள் கருதியதாலும், புதிதாக வரைவது என்று முடிவாயிற்று.

முதல் வரைவு டெக்ஸ்டுராவை அடிப்படையாகக் கொண்டது. டெக்ஸ்டுராவில் தண்டின் அகலமும் தண்டுகளுக்கு இடையிலான வெளியும் ஏறத்தாழச் சமம் என்பதால், கோதிக் பரப்பு அதில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். நவீனமாக்கும் பொருட்டு மயிர்க்கோடுகள் நீக்கப்பட்டன. தண்டுகளின் அடியில் இருந்த சாய்சதுரப் பாதங்கள் வெட்டப்பட்டன. கோட்டின் தடிமன் எங்கும் ஒன்றாக்கப்பட்டது. திரையில் கூர்மையாகவும், அச்சில் மை நிரம்பி அடையாமலும் நின்ற அந்த வரைவு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தந்தையும் ஒப்புக்கொண்டார்.

ஆவணக் காப்பாளரின் ஆட்சேபம்

ஆலையின் கட்டடம் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம் என்பதால், முகப்பு எழுத்தை மாற்ற உரிய துறையின் அனுமதி தேவைப்பட்டது. விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்ட மாதிரித் தாளை ஊர் ஆவணக் காப்பகப் பணியாளர் ஒருவரிடம் கருத்துக்காகக் காட்டினார்கள். அவர் மறுப்பு எதுவும் எழுதவில்லை. காப்பகத்திலிருந்து 1930களின் அறிவிப்புத்தாள்கள் சிலவற்றை எடுத்து வந்து அருகில் வைத்தார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

1933-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அச்செழுத்துகளை வார்த்து விற்கும் ஜெர்மன் வார்ப்பகங்கள் எலிமென்ட், டானன்பெர்க், நேஷனல் முதலிய பெயர்களில் பல எழுத்துகளை வெளியிட்டன. டெக்ஸ்டுராவின் கட்டமைப்பை எடுத்துக்கொண்டு, அலங்காரக் கோடுகளை நீக்கி, பேனாவின் தடயத்தை அழித்து, நேர்கோடுகளால் இறுக்கிய வடிவங்கள் அவை. அச்சுக்கோப்பவர்களிடையே இவற்றுக்குப் படைவீரரின் நெடுங்காலணியை வைத்து ஓர் ஏளனப் பெயரும் இருந்தது. நவீனமாக்குகிறோம் என்று குழு செய்த ஒவ்வொரு நீக்கமும், அந்த வார்ப்பகங்கள் அன்று செய்த அதே நீக்கம். டெக்ஸ்டுராவிலிருந்து பேனாவை எடுத்துவிட்டுத் தண்டுகளை மட்டும் விட்டால், போய்ச்சேரும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். வடிவமைப்பாளரின் திறமையோ நோக்கமோ அதை மாற்றாது. இத்துறையில் இன்று வரையத் தொடங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவே என்று நான் கருதுகிறேன். கோதிக்கை எளிமையாக்கும் வழிகளில் மிகச் சுலபமாகக் கைக்கு வருவது, வரலாறு ஏற்கெனவே மிதித்துச் சென்ற வழி.

குழுவுக்குள் இதன்மேல் நீண்ட விவாதம் நடந்தது. நிரலாளர் எழுப்பிய எதிர்வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. 1941 ஜனவரி 3-ஆம் நாள் நாஜிக் கட்சியின் உயர் நிர்வாகி மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்டு வந்த சுற்றறிக்கையின் வழியே நாஜி ஆட்சியே கோதிக் எழுத்தைக் கைவிட்டு, ரோமன் எழுத்தை இயல்பெழுத்து என்று அறிவித்தது. அந்தச் சுற்றறிக்கையின் தலைப்புத் தாளிலேயே கட்சியின் பெயர் கோதிக் எழுத்தில் அச்சாகியிருந்தது என்பது தனி வேடிக்கை. அவர்களே ஒதுக்கிய எழுத்தின்மேல் அவர்களின் கறையைச் சுமத்துவது நியாயமா என்று அவர் கேட்டார். காப்பாளரின் பதில் விவாதத்தின் திசையைத் திருப்பியது: பல நூற்றாண்டுகள் வாழ்ந்த எழுத்துக் குடும்பத்தின்மேல் தமக்குக் குறை எதுவும் இல்லை என்றும், 1933-க்கும் 1941-க்கும் இடையில் சுவரொட்டிகளில் நின்ற குறிப்பிட்ட பாணியைப் பற்றியே தாம் பேசுவதாகவும் அவர் சொன்னார். குடும்பத்தையும் பாணியையும் பிரித்துப் பார்க்கும் இந்த விளக்கத்தை ஏற்று, முதல் வரைவு முழுவதுமாகக் கைவிடப்பட்டது. ஆலையில் இதனால் மனத்தாங்கல் ஏற்பட்டது. செலவு கூடியதும், ஒப்புக்கொண்ட ஒன்றைத் திரும்பப் பெறுவதும் தந்தைக்கு உவப்பாக இல்லை.

மாதிரி மாற்றம்

புதிய மாதிரியைத் தேடும்போது, வட்டாரத்துக்கே உரிய ஓர் ஒப்பீடு கைகொடுத்தது. 1493-இல் நியூரம்பெர்கில் அன்டோன் கோபெர்கர் அச்சிட்ட உலக வரலாற்று நூல், லத்தீன் பதிப்பில் ரொடுண்டா சார்ந்த எழுத்திலும், ஜெர்மன் பதிப்பில் ஷ்வாபாகர் சார்ந்த எழுத்திலும் உள்ளது. ஒரே நூல், ஒரே அச்சகம், ஒரே படங்கள். எழுத்து மட்டும் வேறு. இரண்டின் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த வடிவமைப்பாளர், ஜெர்மன் பதிப்பின் பக்கம் அடர்த்தியாக இருந்தும் ஒவ்வோர் எழுத்தும் அகன்று, வயிறு திறந்து நிற்பதைக் குறித்துக்கொண்டார். சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் 1534 விவிலியமும் ஷ்வாபாகரில்தான் அச்சாயிற்று. பொதுமக்கள் வாசிப்பதற்கான எழுத்தாகவே அது வளர்ந்தது.

ஷ்வாபாகரைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1941 சுற்றறிக்கை, எந்த அடிப்படையும் இல்லாமல், கோதிக் எழுத்தையே ஷ்வாபாகர் யூத எழுத்து என்று பழித்திருந்தது. நாஜிகள் பெயர் சொல்லித் தூற்றிய கிளையை மாதிரியாகக் கொள்வதால் மட்டும் எல்லாத் தவறான புரிதலும் நீங்கிவிடாது என்பது உண்மைதான். ஆயினும், கேட்பவருக்கு ஒரு நேர்மையான விளக்கம் கையில் இருக்கும்.

இம்முறை திரையில் வரையத் தொடங்கவில்லை. ஆலையின் பெயரையும் பீர் வகைகளின் பெயர்களையும் தட்டை நுனிப் பேனாவால் திரும்பத் திரும்ப எழுதி, அந்தத் தாள்களிலிருந்தே கோடுகள் எடுக்கப்பட்டன. பேனாவின் சாய்வுக் கோணமும், 'ஓ'வின் மேல்கீழ்க் கூர்முனைகளும், தண்டின் தலையில் பேனா இறங்கும் சிறு சரிவும் அப்படியே காக்கப்பட்டன. 'கே', 'எக்ஸ்', 'ஒய்' ஆகியவை இன்றைய வாசகர் அறிந்த அமைப்புக்கு மாற்றப்பட்டன என்றாலும், அவற்றின் முறிவுகளும் தடிமனும் பேனாவின் இயல்பிலிருந்து விலகவில்லை. எழுத்தின் உள்ளே அடைபடும் வெளியை, அதாவது உள்வெளியைத், தண்டைவிடச் சற்று அகலமாக்கியபோது வாசிப்பு எளிதானது, ஆனால் பரப்பின் கருமை குறைந்து, சாதாரண ரோமன் எழுத்தைச் சாய்த்து வெட்டியது போன்ற தோற்றம் வந்தது. எழுத்துகளுக்கு இடையிலான வெளியைக் குறைத்தும், மேலேறும் தண்டுகளைக் குட்டையாக்கி வரிகளை நெருக்கியும் அந்தக் கருமை மீட்கப்பட்டது. உள்வெளியை விரித்து இடைவெளியைச் சுருக்கும் இந்தச் சமன்பாட்டில்தான் வரைவின் பெரும்பகுதி காலம் சென்றது என்பதை ஒப்படைக்கப்பட்ட கோப்புகளின் வரிசையே காட்டுகிறது.

நீள எஸ் பற்றிய முடிவு

குடும்பத்துக்குள் அதிகம் சர்ச்சையானது இந்த ஓர் எழுத்துதான். ஜெர்மன் கோதிக் மரபில், சொல்லின் இறுதியிலும் கூட்டுச்சொல்லின் முதல் உறுப்பு முடியும் இடத்திலும் வட்ட 'எஸ்' வரும். பிற இடங்களில் பெரும்பாலும் நீள 'எஸ்' வரும். இது வெறும் அலங்காரம் அன்று. ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி எழுதப்படும் ஒரு ஜெர்மன் சொல், காவலர் அறையையும் குறிக்கலாம், மெழுகுக் குழாயையும் குறிக்கலாம். கோதிக்கில் எந்த 'எஸ்' என்பதை வைத்தே பொருள் விளங்கிவிடும். ஆகவே நீள 'எஸ்' இல்லாத கோதிக் எழுத்து இலக்கணப்பிழை என்று தந்தை வாதிட்டதில் நியாயம் உண்டு. அந்த எழுத்தை வைத்தால் விருந்தினர் தங்கள் ஆலையின் பெயரையே தவறாகச் சொல்வார்கள் என்ற மகளின் கவலையும் மெய்யானதே.

1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் படித்த நம் வீட்டுப் பெரியவர்கள், துதிக்கை போன்ற பழைய ஐகாரக் குறியைத் தயங்காமல் படிப்பதையும், பேரப்பிள்ளைகள் அங்கே நின்றுவிடுவதையும் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஃபிராக்டுர் பேரெழுத்துகளின் தொடக்க வளைவை ஜெர்மன் அச்சுக்காரர்களும் யானைத் துதிக்கை என்றே அழைக்கிறார்கள் என்பதை இவ்வேலையின்போதுதான் அறிந்தேன்.

இறுதியில், பயன்படும் இடத்தைப் பொறுத்து முடிவு செய்யப்பட்டது. எழுத்துருவின் இயல்பு நிலையில் எங்கும் வட்ட 'எஸ்' மட்டுமே வரும். நீள 'எஸ்' வேண்டுபவர், யூனிகோடில் அதற்கெனத் தனியே உள்ள குறியீட்டைத் தட்டச்சு செய்துகொள்ளலாம். கூட்டுச்சொல் எங்கே பிரிகிறது என்பதை அகராதியின் துணையின்றி நிரல் உறுதியாக அறிய முடியாது என்பதால், தானியங்கி மாற்றம் வேண்டாம் என்று நான் பரிந்துரைத்தேன். கட்டட முகப்பில் மட்டும், அங்கே முன்பிருந்த முறைப்படியே, நீள 'எஸ்' நிலைத்தது.

நிரல் சார்ந்த இரு சிக்கல்கள்

முதலாவது கூட்டெழுத்துகள். 'சிஎச்', 'சிகே', 'டிஇசட்' ஆகியவை ஜெர்மன் கோதிக்கில் பிரிக்கக் கூடாத இணைகள். அழுத்தம் தருவதற்காக ஒரு சொல்லின் எழுத்துகளை இடைவெளிவிட்டுக் கோக்கும்போதும் இவை ஒட்டியே நிற்க வேண்டும். வழக்கமான கூட்டெழுத்துத் தொகுதியில் இவற்றை வைத்தபோது, இணையப் பக்கத்தில் எழுத்திடைவெளி கூட்டப்பட்டவுடன் உலாவி அந்தத் தொகுதியை அணைத்துவிட்டு இணைகளைப் பிரித்துப் போட்டது. கட்டாயக் கூட்டெழுத்துத் தொகுதிக்கு அவற்றை மாற்றியபின் சிக்கல் தீர்ந்தது. தமிழ் எழுத்துருக்களில் 'க்ஷ' உருவை விருப்பத் தொகுதியில் விடாமல் மொழிக்குரிய கட்டாயத் தொகுதியில் வைப்பதற்கான காரணமும் இதை ஒத்ததே.

இரண்டாவது பேரெழுத்துகளின் வரிசை. சொற்களை முழுப் பேரெழுத்தில் கோக்கக் கூடாது என்று பயன்பாட்டுக் குறிப்பில் எழுதிவிட்டால் போதும் என்று குழு கருதியிருந்தது. ஆனால் ஆலை புதிதாக வடிக்கத் தொடங்கிய பீர் வகை ஐபிஏ (இந்தியா பேல் ஏல்). அதன் பெயரே மூன்று பேரெழுத்துகள்தாம். மரபான கோதிக்கில் 'ஐ'யும் 'ஜே'யும் ஒரே உருவைப் பகிர்ந்துகொள்வதால் அதை ஜேபிஏ என்றும் படிக்க முடிந்தது. எனவே, இரண்டு பேரெழுத்துகள் அடுத்தடுத்து வந்தால், வளைவுகள் குறைந்த, சற்றுச் சிறிய மாற்று உருவங்கள் தாமாக வருமாறு நிரல் எழுதப்பட்டது.

விளைவு

முகப்புக்கான அனுமதி இரண்டாவது வரைவுக்குக் கிடைத்தது. புட்டிச் சீட்டில் பீரின் பெயர் மட்டும் புதிய எழுத்துருவில் உள்ளது. சட்டப்படி தர வேண்டிய தகவல்களுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஒழுங்குவிதி 1.2 மில்லிமீட்டர் குறைந்தபட்சச் சிற்றெழுத்து உயரத்தைப் பொதுவாகக் கோருகிறது. அந்த அளவில் கோதிக் எழுத்து படிக்க உகந்ததன்று என்பதால், கோடுகளின் முனையில் சிறு வெட்டுக்கோடுகள் இல்லாத எளிய சான்ஸ் செரிஃப் எழுத்துரு ஒன்று அங்கே பயன்படுத்தப்பட்டது. விலைப்பட்டியலில் பிரிவுத் தலைப்புகள் மட்டும் கோதிக். உணவுகளின் பெயர்கள் ரோமனுக்கு மாறின.

முதலில் செய்த அதே முறையில் விருந்தினர்களிடம் மீண்டும் படிக்கக் கொடுத்தபோது, 'கே', 'எக்ஸ்', நீள 'எஸ்' ஆகியவற்றால் வந்த தடுமாற்றங்கள் நின்றிருந்தன. பேரெழுத்து 'பி'யில் மட்டும் சிலர் இன்னும் தயங்கினார்கள். பழைய வாடிக்கையாளர்களில் ஒரு சாரார், சீட்டு 'மெலிந்துவிட்டது' என்று குறைப்பட்டனர். ஃபெட்டே ஃபிராக்டுரின் தடிமனுக்குப் பழகிய கண்ணுக்கு அது எதிர்பார்க்கக்கூடிய எதிர்வினை. எழுத்தின் அரசியல் சாயல் பற்றிய கேள்வி, எனக்குத் தெரிந்தவரை, விருந்தினர் எவரிடமிருந்தும் வரவில்லை. விற்பனையைப் பொறுத்தவரை, விலையும் பீர் வகைகளும் அதே காலத்தில் மாறியதால், எழுத்துருவின் பங்கு என்று எதையும் பிரித்துச் சொல்ல இயலாது.

கைபேசித் திரையில் எழுத்துரு எதிர்பார்த்த அளவு நிற்கவில்லை. சிறிய அளவில் 'ஓ'வின் கூர்முனைகள் மங்கி, தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டின. குறுகிய திரைகளில் முதன்மைத் தலைப்பைத் தவிர மற்றவற்றை ரோமனுக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுமுறை மாற்றப்படுபவை

இதே போன்ற பணி மீண்டும் வந்தால், ஆவணக் காப்பாளரைப் போன்ற ஒருவரை மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே அழைப்பது என்று வடிவமைப்பகம் முடிவு செய்துள்ளது. அனுமதி விண்ணப்பம் என்ற தற்செயலான காரணத்தால்தான் முதல் வரைவு அவர் கண்ணில் பட்டது. கட்டடம் மரபுச் சின்னமாக இல்லாதிருந்தால், அந்த எழுத்து அச்சேறிய பிறகே கேள்வி எழுந்திருக்கும். நவீன கோதிக் வரைவு எதுவாயினும் அதை 1930களின் வார்ப்பக மாதிரித் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது அவர்களின் சரிபார்ப்புப் பட்டியலில் முதல் வரியாக உள்ளது.

வாடிக்கையாளர் உண்மையில் எழுதவிருக்கும் சொற்கள் அனைத்தையும் தொடக்கத்திலேயே கேட்டுப் பெற வேண்டும் என்பதை நான் சேர்த்துக்கொள்வேன். ஐபிஏ என்ற பெயர் முன்பே தெரிந்திருந்தால், பேரெழுத்துகள் வேறு அகலத்தில் வரையப்பட்டிருக்கும். நிரலால் ஒட்டுப்போட வேண்டியிருந்திராது. சிறு திரைக்கென உள்வெளி அகன்ற தனி வடிவம் ஒன்றையும் முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கலாம்.

'மெலிந்துவிட்டது' என்ற குறைக்கு மறுமொழியாக, தடித்த வடிவம் ஒன்று இப்போது வரையப்பட்டு வருகிறது. இருக்கும் கோடுகளைக் கணினியில் தடிக்க வைத்தால் உள்வெளி அடைந்து, மீண்டும் நேர்த்தண்டுகள் மட்டுமே எஞ்சும் என்பதால், அகன்ற நுனியுள்ள வேறொரு பேனாவால் எல்லா எழுத்துகளும் முதலிலிருந்து எழுதப்படுகின்றன.